ஒளி தூண்டும் ஒட்சிசன்: ஒளியியக்கச் சிகிச்சைக்கு ஓர் அறிமுகம்

ஒளியியக்கச் சிகிச்சை என்பது, நோயுற்ற கலங்களை அழிப்பதற்கு அந்தக் கலங்களுக்குள்ளே ஏற்கெனவே இருக்கும் ஒட்சிசனைப் பயன்படுத்தும் மருத்துவ முறையாகும். நோயாளிக்கு முதலில் ஒரு சாயப்பொருள் ஊசி மூலமோ, குடிக்கும் கரைசலாகவோ, தோலில் பூசும் களிம்பாகவோ கொடுக்கப்படும். அது நோயுற்ற இடத்தில் போதிய அளவு சேரும்வரை சில மணிநேரமோ ஓரிரு நாட்களோ காத்திருந்து, பிறகு குறித்த நிறமுடைய ஒளியை அந்த இடத்தின்மீது மட்டும் வைத்தியர் பாய்ச்சுவார். கொடுக்கப்படும் அளவில் சாயம் தனியே கலத்தைக் கொல்வதில்லை. ஒளியும் தனியே எதையும் சுடுவதில்லை. சாயம், ஒளி, ஒட்சிசன் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடினால் மாத்திரமே கலம் இறக்கிறது. இந்தச் சிகிச்சையின் பலம், பலவீனம், பக்கவிளைவு ஆகிய எல்லாம் இந்த ஒரே நிபந்தனையிலிருந்து பிறப்பவை.

யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பத்தில் எவருக்கேனும் புற்றுநோய் என்று தெரியவந்தால், தெல்லிப்பளை அல்லது மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வருவது பற்றிய பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். அதோடு, ஒளியைப் பாய்ச்சிப் புற்றுநோயைக் குணமாக்குகிறார்கள் என்ற செய்தித் துணுக்கு ஒன்றை வெளிநாட்டில் இருக்கும் உறவினர் எவரேனும் கைபேசியில் அனுப்பிவைப்பதும் உண்டு. அத்தகைய செய்தி பொய்யல்ல. ஆனால் எந்தப் புற்றுநோய், எவ்வளவு ஆழத்தில், எந்தக் கட்டத்தில் என்ற விவரங்கள் இல்லாமல் வரும் செய்தி வீண் நம்பிக்கையையும் வீண் ஏமாற்றத்தையும் ஒருங்கே கொண்டுவரும். அந்த விவரங்களை எடைபோடுவதற்கு வேண்டிய அடிப்படை அறிவு, உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்காதவர்களுக்கும் எட்டக்கூடியதே.

முதலில் ஒட்சிசனைப் பார்ப்போம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 வீதம் ஒட்சிசன். விறகும் துணியும் நமது உடலும் ஒட்சிசனோடு சேர்ந்து எரியக்கூடிய பொருட்களால் ஆனவை. இருந்தும் அவை தாமாகத் தீப்பற்றுவதில்லை. இதற்கான காரணம் ஒட்சிசன் மூலக்கூறின் இலத்திரன்களில் இருக்கிறது. பெரும்பாலான மூலக்கூறுகளில் இலத்திரன்கள் எதிரெதிர்ச் சுழற்சியுடன் சோடி சோடியாக அமைந்திருக்கின்றன. ஒட்சிசனிலோ, வெளிப்புறத்திலுள்ள இரண்டு இலத்திரன்கள் சோடி சேராமல், ஒரே திசைச் சுழற்சியோடு தனித்தனியே நிற்கின்றன. திரவ ஒட்சிசன் காந்தத்தால் ஈர்க்கப்படுவதும் இதனால்தான். சோடி சேர்ந்த இலத்திரன்களைக் கொண்ட புரதமோ கொழுப்போ இந்த நிலையிலுள்ள ஒட்சிசனோடு இலகுவில் வினைபுரிய முடியாது. சுழற்சிக் கணக்கு அதற்கு இடங்கொடுப்பதில்லை. உயிர்கள் ஒட்சிசன் நிறைந்த காற்றில் அச்சமின்றி வாழ்வது இந்தத் தடையின் தயவால் என்றே நான் கருதுகிறேன். இந்த இயல்பான நிலைக்கு மும்மைநிலை என்று பெயர்.

மும்மைநிலையில் இருக்கும் ஒட்சிசனுக்கு ஒரு மூலுக்கு 94 கிலோயூல் அளவு சக்தி கிடைத்தால், அந்த இரு இலத்திரன்களில் ஒன்று தன் சுழற்சியை மாற்றி மற்றதோடு சோடி சேர்ந்துகொள்ளும். இப்பொழுது அது ஒற்றைநிலை ஒட்சிசன். மூலக்கூறு அதேதான், இரண்டு ஒட்சிசன் அணுக்களும் அவையேதான். ஆனால் முன்பிருந்த தடை நீங்கிவிட்டதால், அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் அது உடனே தாக்கி ஒட்சியேற்றுகிறது. அப்படியானால் ஒட்சிசன் மீது நேரடியாக ஒளியைப் பாய்ச்சி அந்தச் சக்தியைக் கொடுக்கலாமே என்று கேட்கத் தோன்றும். மும்மைநிலையிலிருந்து ஒற்றைநிலைக்குப் போகும் அந்த மாற்றத்தை ஒளியால் நேரடியாகச் செய்விப்பது மிகவும் கடினம். ஒட்சிசன் அந்த ஒளியை ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை. எனவே ஒளியை வாங்கி ஒட்சிசனிடம் கைமாற்றிக் கொடுக்க ஓர் இடையாள் தேவைப்படுகிறார். சாயத்தின் பணி அதுவே.

சாய மூலக்கூறு ஒரு போட்டனை, அதாவது ஒளியின் மிகச்சிறு பொதி ஒன்றை, விழுங்கியதும் அதன் சக்தி உயர்கிறது. அந்த முதல் உயர்நிலை சில நனோசெக்கன்கள் மட்டுமே நீடிக்கும். அதற்குள் நல்ல ஒளியுணர்த்தி (இவ்வாறு ஒளியை வாங்கிக் கைமாற்றும் சாயம்) ஒன்று தன் இலத்திரன் சுழற்சியை மாற்றிக்கொண்டு, சற்றே தாழ்ந்த, ஆனால் பல மடங்கு நீண்ட ஆயுளுடைய தனது மும்மைநிலைக்கு இறங்கிவிடும். அங்கே அது மைக்ரோசெக்கன் கணக்கில் தங்குவதால், அலைந்து திரியும் ஒட்சிசன் மூலக்கூறு ஒன்று வந்து மோதுவதற்கு அவகாசம் கிடைக்கிறது. மோதலின்போது சக்தி கைமாறுகிறது: ஒட்சிசன் ஒற்றைநிலைக்கு உயர, சாயம் தன் பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த போட்டனுக்குத் தயாராகிறது. ஒரே சாய மூலக்கூறு இந்தச் சுற்றை மீண்டும் மீண்டும் நடத்தும் என்பதால், மிகச் சிறிய அளவு மருந்தே பெரிய விளைவைத் தருகிறது. சில சாயங்கள் வேறொரு வழியில், இலத்திரனையே கைமாற்றி, வேறு வகை வினைத்திறன்மிக்க ஒட்சிசன் சேர்வைகளையும் உண்டாக்குகின்றன. ஆனாலும் இன்று வழக்கிலுள்ள மருந்துகள் பெரும்பாலானவற்றில் ஒற்றைநிலை ஒட்சிசனே முதன்மையான கொலையாளி எனக் கருதப்படுகிறது.

இப்படியொரு ஒட்சிசன் உண்மையிலேயே சாயத்தை விட்டு நீங்கிப் போய் வேலை செய்கிறது என்பதைக் காட்டிய பரிசோதனை, விஞ்ஞான வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவற்றுள் ஒன்று. ஜேர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் கவுட்ஸ்கி 1931ஆம் ஆண்டளவில், சிலிக்கா ஜெல் மணிகளில் ஒரு தொகுதியின் மேல் சாயத்தையும், வேறொரு தொகுதியின் மேல் ஒட்சியேறினால் பச்சையாக மாறும் நிறமற்ற பொருள் ஒன்றையும் ஒட்டவைத்தார். இரண்டு வகை மணிகளையும் கலந்து, குறைந்த அமுக்கத்தில் ஒட்சிசன் இருக்க ஒளியூட்டியபோது, நிறமற்ற மணிகள் பச்சையாயின. சாயம் ஒரு மணியிலும் பாதிக்கப்பட்ட பொருள் இன்னொரு மணியிலும் ஒட்டிக்கொண்டிருந்தன; அவை ஒன்றையொன்று தொடவே வழியில்லை. ஆகவே இரண்டுக்கும் இடையிலான வெளியைக் கடந்து போன தூதுவர் வாயு வடிவிலான, தூண்டப்பட்ட ஒட்சிசனாகவே இருக்க வேண்டும் என்று அவர் முடிவுகட்டினார். சக விஞ்ஞானிகள் பலர் இதை ஏற்கவில்லை. வேறு இரசாயன வழிகளில் உண்டாக்கப்பட்ட ஒற்றைநிலை ஒட்சிசனும், ஒளியும் சாயமும் சேர்ந்து தரும் அதே விளைபொருட்களையே தருகிறது என்பதை 1964இல் கிறிஸ்தோபர் ஃபூட்டும் சொல் வெக்ஸ்லரும் காட்டிய பின்னரே கவுட்ஸ்கியின் கூற்று நிலைபெற்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒதுக்கிவைக்கப்பட்ட ஒரு சரியான விளக்கம் அது.

ஒளியும் சாயமும் சேர்ந்தால் உயிரைக் கொல்லும் என்ற செய்தி மட்டும் அதற்கு முன்பே தெரிந்திருந்தது. மியூனிக் நகரில் ஹேர்மன் வொன் டப்பைனர் என்ற பேராசிரியரின் கீழ் படித்த ஒஸ்கார் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயத்தில் பரமேசியம் என்ற ஒருகல உயிரி எவ்வளவு நேரத்தில் இறக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். ஒரே செறிவுள்ள கரைசலில் அவை சில வேளை விரைவில் இறந்தன, சில வேளை நெடுநேரம் உயிரோடிருந்தன. அன்றன்று ஆய்வுகூடத்துக்குள் வந்த வெளிச்சத்தின் அளவே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்பதைக் கண்டறிந்து அவர் 1900இல் வெளியிட்டார். ஒட்சிசன் இல்லாவிட்டால் இது நடைபெறாது என்பதையும் டப்பைனரின் குழுவினர் சில ஆண்டுகளுக்குள் காட்டினர். தோற்கட்டிகளுக்கு இயோசின் சாயத்தைப் பூசி ஒளியில் வைத்தும் பார்த்தனர்.

ஒற்றைநிலை ஒட்சிசன் கலத்துக்குள் செய்யும் சேதத்தைப் புரிந்துகொள்ள, அது எவ்வளவு தூரம் போகும் என்பதை அறிவது முக்கியம். நீரில் அதன் ஆயுள் ஏறத்தாழ 3 முதல் 4 மைக்ரோசெக்கன்கள்; வினைபுரியக்கூடிய பொருட்கள் நெருங்கி நிறைந்திருக்கும் கலத்துக்குள் அதைவிடக் குறைவு. அதற்குள் அது பயணிக்கும் தூரம் சில பத்து நனோமீற்றர்கள் என்றே பொதுவாக மதிப்பிடுகிறார்கள். ஒரு மனிதக் கலத்தை இருபது மீற்றர் அகலமுள்ள ஒரு வளவாகப் பெருப்பித்துப் பார்த்தால், இந்த ஒட்சிசன் பிறந்த இடத்திலிருந்து சில சென்ரிமீற்றர் தூரமே நகர்ந்திருக்கும். வளவின் ஒரு மூலையில் பிறந்தது மறுமூலையைக் காணவே காணாது. எனவே சாயம் எங்கே தங்குகிறதோ அங்கேதான் அடி விழும். சாயம் கல மென்சவ்வில் தங்கினால் அங்குள்ள நிரம்பாத கொழுப்புகள் பேரொட்சைட்டுகளாகிச் சவ்வு கிழிகிறது. கலத்துக்குச் சக்தி ஆக்கித் தரும் இழைமணியில் தங்கினால், கலம் தன்னைத் தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளும் நிகழ்ச்சி தொடங்கிவிடுகிறது. புரதங்களில் ஹிஸ்டிடின், டிரிப்டோபான், மெதியோனைன் போன்ற அமினோ அமிலங்கள் முதலில் பாதிக்கப்படுகின்றன. வழக்கிலுள்ள மருந்துகள் பெரும்பாலும் கலத்தின் கருவுக்குள் போய்ச் சேர்வதில்லை என்பதால், கதிர்ச்சிகிச்சையைப் போல டி.என்.ஏ.யை உடைப்பது இதன் வழியல்ல. ஆகையால் ஒரே இடத்தில் இந்தச் சிகிச்சையை மீண்டும் செய்யலாம். கட்டிக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுவதும், இறந்த கலங்களின் சிதைவைக் கண்டு உடலின் நோயெதிர்ப்புக் கலங்கள் விழித்துக்கொள்வதும் சேர்ந்து வரும் விளைவுகள்.

நோயுற்ற கலத்தில் மாத்திரம் சாயம் சேரும்படி செய்வது எப்படி? முழுமையாக அப்படிச் செய்ய இயலாது. ஆனால் இரண்டு தெரிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. கட்டியின் இரத்தக் குழாய்கள் ஒழுகும் தன்மையுடையவை என்பதால் சாயம் அங்கே கூடுதலாகத் தேங்குகிறது. அதற்கு மேலாக, ஒளியைப் பாய்ச்சும் இடத்தை வைத்தியர் தீர்மானிக்கிறார். இவற்றுள் இரண்டாவதே உறுதியானது. இதில் நுட்பமான ஒரு வழியும் உண்டு. நமது கலங்கள் அநேகமாக யாவும் இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் ஹீம் என்ற பொருளைச் சிறு சிறு படிகளாகத் தயாரிக்கின்றன. அந்த வரிசையின் தொடக்கத்தில் வரும் அமினோலெவுலினிக் அமிலத்தை வெளியிலிருந்து தாராளமாகக் கொடுத்தால், கலம் அதைக் கடைசிக்கு முந்திய படியான புரோட்டோபோர்பிரின் வரை மாற்றிக்கொண்டு போகும். கடைசிப் படியில் இரும்பைச் சேர்க்கும் நொதியம் பல புற்றுக்கலங்களில் மந்தமாக இருப்பதால், புரோட்டோபோர்பிரின் அங்கே தேங்கிவிடுகிறது. இது ஓர் ஒளியுணர்த்தி. அதாவது நோயுற்ற கலமே தனக்கான சாயத்தைத் தயாரித்துக்கொள்கிறது. நீல ஊதா ஒளியில் இந்தப் பொருள் சிவப்பாக ஒளிரும் என்பதால், மூளைக்கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கட்டியின் ஓரத்தை அடையாளங்காணவும் இதையே பயன்படுத்துகிறார்கள்.

இனி ஒளியின் எல்லையைப் பார்க்க வேண்டும். இந்தச் சிகிச்சையின் மிகப் பெரிய கட்டுப்பாடு இதுதான். மின்சாரம் இல்லாத இரவில் ரோர்ச் வெளிச்சத்தை உள்ளங்கையால் பொத்திப் பாருங்கள். வெள்ளை ஒளி உள்ளே போக, விரல்கள் வழியே சிவப்பு மட்டுமே வெளியே வரும். நீலத்தையும் பச்சையையும் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் விழுங்கிவிடுகிறது. சிவப்பு ஓரளவு தப்பிச் செல்கிறது. அதனாலேயே போட்டோஃபிரின் என்ற மருந்துக்கு 630 நனோமீற்றரும், டெமோபோர்பினுக்கு 652 நனோமீற்றரும் அலைநீளமுள்ள செவ்வொளி தெரிவுசெய்யப்பட்டுள்ளது. இருந்தும் அந்தச் செவ்வொளி திசுவுக்குள் பயனுள்ள அளவில் போவது ஐந்து மில்லிமீற்றர் முதல் ஒரு சென்ரிமீற்றர் வரைதான். அலைநீளத்தை இன்னும் கூட்டிக்கொண்டே போனால் ஆழம் கூடும். ஆனால் போட்டனின் சக்தி குறைந்துகொண்டே போகும். 800 நனோமீற்றரைத் தாண்டிய பிறகு, சாயம் வாங்கும் சக்தி ஒட்சிசனை ஒற்றைநிலைக்கு உயர்த்தப் போதாமற் போய்விடுகிறது. ஆகவே வைத்தியருக்குக் கிடைப்பது சிவப்புப் பகுதியில் உள்ள ஒரு குறுகிய சாளரமே. உணவுக்குழாய், மூச்சுக்குழாய் போன்ற இடங்களுக்கு, உடலுக்குள் பார்க்க உதவும் குழாயான உட்காட்டி வழியாக மெல்லிய ஒளிநாரைச் செலுத்தி லேசர் ஒளியைக் கொண்டுபோகலாம். ஆனால் உடலெங்கும் பரவிவிட்ட புற்றுநோயை இந்த முறையால் தீர்க்க முடியாது. எங்கெங்கே இருக்கிறதென்று தெரியாத கலங்களுக்கு எவராலும் விளக்குப் பிடிக்க இயலாது.

ஒட்சிசனிலும் ஒரு சிக்கல் உண்டு. விரைந்து வளரும் கட்டிகளின் நடுப்பகுதிக்கு இரத்தவோட்டம் போதாது. அங்கே ஒட்சிசன் குறைவு. ஒளியை மிகவும் உக்கிரமாகப் பாய்ச்சினால், இருந்த ஒட்சிசனும் கணநேரத்தில் செலவாகி, இரத்தம் புதிதாகக் கொண்டுவருவதற்குள் வினை நின்றுவிடும். அதிக ஒளி அதிகப் பலன் தரும் என்ற எண்ணம் இங்கே பிழையாகிறது. சில ஆய்வுகளில் ஒளியை இடையிடையே நிறுத்தி, ஒட்சிசன் திரும்பி வர நேரங்கொடுத்து, மீண்டும் பாய்ச்சுகிறார்கள். மெல்லிய ஒளியை நெடுநேரம் கொடுப்பதும் அதே நோக்கத்துக்காகவே.

இந்த அறிவு மருத்துவமனைக்குள் வர நீண்ட காலம் எடுத்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ரோஸ்வெல் பார்க் நிலையத்தில் தோமஸ் டஹர்ட்டியும் அவரது குழுவினரும், 25 நோயாளிகளில் தோலிலும் தோலுக்குக் கீழும் இருந்த 113 கட்டிகளுக்கு இந்தச் சிகிச்சையைச் செய்து, 111 கட்டிகள் முழுமையாகவோ பகுதியாகவோ கரைந்தன என்று 1978இல் அறிவித்தனர். போட்டோஃபிரின் 1993இல் கனடாவிலும், உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கென 1995இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. உணவுக்குழாய்க்கு அது கொடுக்கப்படும் முறை ஏறத்தாழ இப்படி: உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 2 மில்லிகிராம் வீதம் நாளத்தில் ஊசி; 40 முதல் 50 மணிநேரம் காத்திருப்பு; பிறகு உட்காட்டி வழியே பன்னிரண்டரை நிமிடம் செவ்வொளி. கண்ணின் விழித்திரைக்குப் பின்னால் தேவையற்ற இரத்தக் குழாய்கள் வளரும் நோய்க்கு வேர்ட்டிபோர்பின் என்ற மருந்து 2000இல் வந்தது. பின்னர் கண்ணுக்குள் போடும் ஊசிகள் பெரும்பாலும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டாலும், சில நோய்நிலைகளில் இன்றும் அது பயன்படுகிறது. ஐரோப்பாவில் இந்தச் சிகிச்சை மிகுதியாகச் செய்யப்படுவது, வெயில் பட்டு வெள்ளைத் தோலில் உண்டாகும் சொரசொரப்பான, பின்னர் புற்றாக மாறக்கூடிய திட்டுகளுக்கு. நமது மண்ணிறத் தோலில் அவை அரிது. ஆகவே அங்குள்ள வெற்றிக் கதைகளில் பெரும்பகுதி நமக்கு நேரடியாகப் பொருந்தாது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பக்கவிளைவுகளில் தலையாயது வெயில். ஊசியாகக் கொடுத்த சாயம் கட்டியில் மட்டுமன்றித் தோலிலும் தங்கும். அங்கேயும் ஒட்சிசன் இருக்கிறது. மூன்றாவது பங்காளியான ஒளியை வெயில் தந்துவிடும். 1912இல் ஃபிரீட்ரிக் மையர் பெட்ஸ் என்ற ஜேர்மன் வைத்தியர் 200 மில்லிகிராம் ஹெமற்றோபோர்பிரின் என்ற சாயத்தைத் தனக்கே ஊசியாக ஏற்றிக்கொண்டு வெயிலில் இருந்தபோது, முகமும் கைகளும் அடையாளந்தெரியாத அளவுக்கு வீங்கின. அந்த ஒளியுணர்வு வாரக்கணக்கில் நீடித்தது. போட்டோஃபிரின் பெற்றவர்கள் குறைந்தது 30 நாட்களுக்கு வெயிலைத் தவிர்க்க வேண்டும். கடைகளில் விற்கும் வெயில் களிம்புகள் புறவூதாக் கதிரையே தடுப்பவை. சாயத்தைத் தூண்டும் கட்புல ஒளியை அவை தடுப்பதில்லை. தடித்த துணியும் தொப்பியும் கையுறையுமே காப்பு. அதேவேளை இருட்டறையில் அடைந்து கிடப்பதும் கூடாது. வீட்டுக்குள் இருக்கும் மெல்லிய வெளிச்சம் தோலிலுள்ள சாயத்தைச் சிறிது சிறிதாகச் சிதைத்து வெளியேற உதவுகிறது. சத்திரசிகிச்சைக் கூடத்து விளக்கும், விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் கருவியின் செவ்வொளியும்கூடச் சில மருந்துகளைப் பெற்றவர்களின் தோலைப் புண்ணாக்கக்கூடும் என்பதால், வேறெந்த வைத்தியரிடம் போனாலும் இதைச் சொல்ல வேண்டும். காலை வெயிலிலேயே வெங்காயத் தோட்டத்துக்கு இறங்குபவருக்கும் கரைவலை இழுப்பவருக்கும் ஒரு மாதம் வெயில் படாமலிருப்பது என்பது ஒரு மாத வருமானத்தை இழப்பது. எனது எண்ணத்தில், யாழ்ப்பாணத்தில் இந்தச் சிகிச்சை பற்றிப் பேசும் எவரும் மருந்தின் விலைக்கு முன்னர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். அமினோலெவுலினிக் அமிலக் களிம்பில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பூசிய இடத்தை ஏறத்தாழ 40 மணிநேரம் காத்தால் போதும்.

தாவரங்களுக்கும் இதே ஆபத்து உண்டு என்பதை இங்கே இடையில் குறிப்பிடலாம். இலையிலுள்ள பச்சையமும் ஒரு சாயமே; உச்சி வெயிலில் அது ஒற்றைநிலை ஒட்சிசனை உண்டாக்கிவிடும். பனங்களிக்குச் செம்மஞ்சள் நிறம் கொடுக்கும் கரோட்டினொயிட் வகைப் பொருட்கள் இலைகளிலும் இருந்து, அந்த ஒட்சிசனின் மிகையான சக்தியை வாங்கி வெப்பமாக வெளிவிட்டு இலையைக் காக்கின்றன. இதற்காகப் பனாட்டுச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் போகலாம் என்று சிகிச்சை பெற்றவர் எண்ணிவிடக் கூடாது.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இந்த முறை மிகவும் பொருந்தக்கூடிய இடம் வாய் என்று நான் நினைக்கிறேன். இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்னணியில் இருக்கிறது. வெற்றிலையோடு பாக்கையும் புகையிலையையும் சேர்த்து மெல்லும் வழக்கம் அதற்கு முக்கிய காரணம். வாய்ப்புற்று பல வேளைகளில் வெள்ளை அல்லது சிவப்புப் படலமாக, மேலோட்டமாகத் தொடங்குகிறது. விளக்கைப் பிடித்தால் நேரே தெரியும் இடத்தில் இருக்கிறது. நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ சத்திரசிகிச்சை செய்தால் பேச்சும் விழுங்குதலும் பாதிக்கப்படலாம். ஒளியியக்கச் சிகிச்சையில் திசுவின் தாங்கும் நார்கள் பெரும்பாலும் தப்பிவிடுவதால் இடம் நன்றாக ஆறுகிறது. இந்தியாவின் அலிகாரில், அமெரிக்க ஆய்வாளர்களோடு இணைந்து, மின்கலத்தில் இயங்கும் விலைகுறைந்த எல்.ஈ.டி. விளக்கும் அமினோலெவுலினிக் அமிலக் கரைசலும் கொண்டு ஆரம்பநிலை வாய்ப்புற்றுக்குச் சிகிச்சையளித்துப் பார்த்திருக்கிறார்கள். விலையுயர்ந்த லேசரும் தடையற்ற மின்சாரமும் இல்லாத ஊர்களை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட முயற்சி அது.

எனினும் வாய்ப்புற்றுக்கு இன்று முதல் தெரிவாக உள்ளவை சத்திரசிகிச்சையும் கதிர்ச்சிகிச்சையுமே. அவற்றைத் தள்ளிப்போட்டு ஒளிச்சிகிச்சைக்காகக் காத்திருப்பது உயிராபத்தில் முடியலாம். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ துடைத்தாலும் போகாத படலமோ இருந்தால் பல் வைத்தியரிடமோ வாய், முகச் சத்திரசிகிச்சை நிபுணரிடமோ காட்டி, சிறு துண்டெடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அந்த அறிக்கை வந்த பிறகு, கட்டி எத்தனை மில்லிமீற்றர் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்றும், கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா என்றும் கேட்டறிய வேண்டும். ஆழம் ஐந்து மில்லிமீற்றருக்குள் அடங்கி, கணுக்களும் நோயின்றி இருந்தால் மாத்திரமே ஒளியியக்கச் சிகிச்சை பற்றிய பேச்சுக்கே இடமுண்டு.